கம்ப்யூட்டருக்குள் முத்துக்குமரன்

திரையில் மண்ணீரல் சிவந்தது.

தமிழ்மொழி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காரைக்கால் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே இதுதான். எலும்பு, தசை, குடல் என்று கம்ப்யூட்டருக்குள் கட்டிய மனித உடம்பை பைக் விபத்தில் மோதவிட்டு, எங்கே கிழிகிறது என்று பார்ப்பது. இந்த முறை மோதியது அவள் தம்பி முத்துக்குமரனின் பைக்.

முந்தாநாள் கோட்டுச்சேரியில் பஸ் திடீரென்று நிற்க, பின்னால் முட்டி, ஹேண்டில்பார் அவன் இடது விலாவில் குத்தியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. ஸ்கேனுக்கு அவன் நிற்கவில்லை. மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பும் முதல் கடல். யார் படுத்துக் கிடப்பார்கள்? வேகம், எடை எல்லாம் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

"ஒன் பொம்மைய நல்லா மோத வுடுக்கா. அதுக்கென்ன, வலிக்கவா போவுது?"

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. இப்போது அவன் போன படகு கிளம்பி மூன்று மணி நேரம். கரை திரும்ப ஐந்து நாள். செல்போன் எட்டவில்லை.

துறைமுகத்தில், படகு முதலாளி அம்பலவாணனின் ஷெட்டில் வயர்லெஸ் உண்டு. ஓடினாள். உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், படகைத் திருப்பச் சொல்லுங்கள் என்றாள்.

"நிச்சயமா தெரியுமாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நூத்துக்கு அறுவது மாமா."

ஒன்பது பேர் பிழைப்புக்குப் போன படகு என்று முனகினாலும் அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே முத்துக்குமரனே பேசினான். விலா வலிகூட விட்டுவிட்டதாம்.

"எடது தோள்தான்க்கா காலைலேர்ந்து இழுக்குது. ஐஸ் பெட்டி தூக்குனது."

அவள் மைக்கைக் கிட்டே இழுத்தாள். மண்ணீரல் கசிந்தால் சிலருக்கு வலி அங்கேதான் தெரியும்.

"தம்பி, படகத் திருப்பச் சொல்லு. இப்பவே."

பதிலுக்கு இரைச்சல்தான். அம்பலவாணன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். படகு வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டது. கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டார். உடனே புறப்படுகிறோம், எந்தத் திசையில் தேடுவது என்று கேட்டார்கள்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். முதல் கடலுக்குப் போகிறவர்கள் எங்கே வலை போடப்போகிறோம் என்று யாரிடமும் சொல்வதில்லை. முதலாளியிடமும்.