இடது பாக்கெட்

எட்டு மாதமாகப் பீரங்கி என்ற நாயை நடக்கக் கூட்டிப்போனவர் மாஸ்டர். அடுத்தவர் வீட்டு நாய்களை நடத்திப் போவதும் பழக்குவதும் அவர் பிழைப்பு. அந்த அடுக்குமாடியில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் நாய் மாஸ்டர்தான். பீரங்கிக்குச் சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். காலையில் கிளினிக் போனால் இருட்டித்தான் வருவாள். அவளைப் பீரங்கி விருந்தாளிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது என்று மாஸ்டர் நம்பியிருந்தார்.

போன மாதம் லிஃப்டுக்குள் அது குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேல் பாய்ந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு.

"நாய் உங்க பேச்சைக் கேக்கணும் டாக்டர். மூணு வாரம் டைம். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில நீங்களே புடிச்சுக்கிட்டு பார்க்கிங்ல ஒரு சுத்து வாங்க. ஒழுங்கா வந்தா இருக்கட்டும். இல்லன்னா எங்கயாவது கொடுத்துடுங்க" என்றார் செயலாளர்.

டாக்டர் காலை நோயாளிகளைக் குறைத்துக்கொண்டு கயிற்றைக் கையில் எடுத்தாள். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் மாஸ்டர்.

சொந்தக்காரருக்குப் பழக்கும்போது முதல் வேலை ஒன்று உண்டு. வேகவைத்த கோழித் துண்டுகளைத் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவர் பாக்கெட்டில் போட வேண்டும். எத்தனையோ வீடுகளில் மாஸ்டர் செய்ததுதான். இங்கே செய்யவில்லை. டாக்டருக்குக் காய்ந்த பிஸ்கட்டைக் கொடுத்தார். கோழி அவருடைய இடது பாக்கெட்டிலேயே இருந்தது. அதோடு பத்தடி பின்னால் நடந்தார். பீரங்கி இரண்டு எட்டு வைக்கும், கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்கும்.

"பல்லு புடுங்க வர்றவங்க என் குரலைக் கேட்டாலே நடுங்குறாங்க. இந்தத் தடியன் மதிக்கவே மாட்டேங்குறான் மாஸ்டர்."

"பழகப் பழக சரியாயிடும் டாக்டரம்மா."

வாயில் ஆறுதல். உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. களைத்துப்போய் டாக்டர் படியில் உட்கார்ந்தாள். பீரங்கி போய் அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. அவர் சொன்னால் அது உட்காரும், நிற்கும், வரும். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவரருகில் கண்ணை மூடியதில்லை. கண் எப்போதும் பாக்கெட் மேல்தான். சக்களத்தியைப் பார்ப்பதுபோல் டாக்டரைப் பார்த்தார்.

"எழுந்திரிங்க. மடியில படுக்க விட்டா கெட்டுப்போயிடும்."

அது பொய்.

ஞாயிற்றுக்கிழமை அவரை யாரும் வரச் சொல்லவில்லை. வந்து கேட்டருகில் நின்றார். பாக்கெட்டில் கோழி இருந்தது. பழக்கதோஷம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

செயலாளர் புதுக் கண்ணாடியோடு தூணோரம் நின்றார். யாரோ ஒரு கார்க் கதவை அறைந்து சாத்தினார்கள்; பீரங்கி அசையவில்லை. ஒரு சைக்கிள் உரசிப் போனது, அதற்கும் அசையவில்லை. பாதிச் சுற்றில் மாஸ்டரைப் பார்த்துவிட்டது. ஒரே இழுப்பு. டாக்டரின் செருப்பு தரையில் வழுக்கியது.

"பீரங்கி! வா!"

அது கேட்கவில்லை. செயலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரத்தில்தான் மாஸ்டருக்கு உறைத்தது. இப்போது அது என்னிடம் ஓடி வந்தால் ஜெயித்தது நான். நாளைக்கு அது எந்த ஊரிலோ, எவன் வீட்டுக் கொல்லையிலோ.

நாய் பாய்ந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வீடுவீடாகச் சொன்னவர் அவர். திரும்பி நில்லுங்க. கண்ணைப் பாக்காதீங்க. கல்லு மாதிரி நில்லுங்க.

பாக்கெட்டை இறுகப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். பின்னால் ஒரு குரைப்பு. அவரைக் கூப்பிடும் குரைப்பு அது, அவருக்குத் தெரியும். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று சுவரில் இருந்ததை மூன்று முறை படித்தார்.

"வாடா தங்கம். வாடா என் ராசா."

அவர் சொல்லிக்கொடுத்த கட்டளை இல்லை அது. ஆனாலும் சிமெண்ட் தரையில் நகச்சத்தம் திரும்பிப் போனது. மெல்லமெல்லத் தேய்ந்தது.

"சரி, இருக்கட்டும்" என்றார் செயலாளர்.

டாக்டர் மூச்சிரைக்க வந்தாள். "பாத்தீங்களா மாஸ்டர்?"

"எங்க பாத்தேன், சுவரைத்தான் பாத்தேன்."

"ஏன் உங்க முகம் இப்படி இருக்கு? இவனை ஒரு தடவை தடவிக்கொடுங்க."

அவர் கோழிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதை உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க. முதல் நாளே கொடுத்திருக்கணும்."

பீரங்கியின் மூக்கு பொட்டலத்தோடு அவர் கையிலிருந்து அவள் பாக்கெட்டுக்குப் போனது. ஒரு தடவையாவது நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் என்று மாஸ்டர் நின்றார். அடுத்த வீட்டு நாய்க்கு நேரமாகியும் நின்றார்.

அது பார்க்கவில்லை.