முகம் தெரியாத வசனம்

"இன்னும் கொஞ்சம் சாஃப்டா, மேடம்," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பிங் பார்க்கிறவர். "அந்தப் பொண்ணு மனசார மன்னிக்குது. குரல்ல கோவமே இருக்கக் கூடாது."

கோபம் எங்கே போகும்? எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரலுக்கு மட்டும் இன்னும் பதினாறு. வேற்றுமொழிப் படங்களில் வருகிற பெண் பிள்ளைகள் எல்லாம் என் தொண்டையில்தான் தமிழ் பேசுகிறார்கள். இந்தப் படத்துப் பெண்ணுக்கு அவள் அப்பா விட்டுப் போன பச்சைக் கற்கள்தான் எல்லாம். சொந்தத் தாய்மாமனே அவற்றைச் சுருட்டிக்கொண்டு போகிறான். படம் முழுக்க அவள் தேடுகிறாள், அழுகிறாள், கத்துகிறாள். நானும் தொண்டை வறளக் கத்தினேன். கடைசியில் அவன் வெறுங்கையோடு வந்து, எல்லாம் தொலைந்துவிட்டது என்று கண்ணைக் கசக்குகிறான். உடனே இந்தப் பைத்தியம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "விடுங்க மாமா, கல்லுதானே" என்கிறது. படம் முடிந்தது. பார்ப்பவர்கள் கைக்குட்டையை எடுக்க வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போனபோது எனக்கும் இதே வயதுதான். அவள் காதில் கிடந்த சிவப்புக்கல் தோட்டை, "எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று மாமா வாங்கிக்கொண்டு போனார். பிறகு கேட்டால், தொலைந்துவிட்டதாம். நடுவீட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "பெரிய மனுஷன் அழறாரு, பாத்துட்டு நிக்கிறியே. கல்லுதானே, பரவாயில்லன்னு சொல்லு," என்று சித்தி என் கையைக் கிள்ளினாள். சொன்னேன். அடுத்த வருடமே கல்யாணப் பெண்ணாக நின்ற மாமா மகளின் காதில் அந்தத் தோடு மினுமினுத்தது. என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் வேறு எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

"சார், இந்த இடத்துல பொண்ணு முகம் அவன் தோள்ல புதைஞ்சிருக்கு. வாயசைவே தெரியல."

"அதனால என்ன?"

"என்ன வேணா பேசலாம்ல?"

"விளையாடாதீங்க மேடம். மத்தியானத்துக்குள்ள அனுப்பியாகணும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற குரல் இருக்கு."

இருக்கும். வரிசையில் நிற்கிறார்கள். வேலை போனால் போகட்டும் என்று ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டேன்.

"சரி, போடுங்க."

திரையில் அவள் ஓடினாள், கட்டிப்பிடித்தாள், முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மைக்கை ஒட்டி நின்று, அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவர் கேட்ட அதே மென்மையான குரலில் சொன்னேன்:

"எங்க வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா."

டப்பிங் பார்க்கிறவர் பதிவை நிறுத்தும் பொத்தானில் கை வைத்தார், அழுத்தவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தலைக்கு மேலே மாமனின் முகம் மட்டும் திரை முழுக்கப் பெரிதாகி வந்தது. அதே கண்ணீர்தான், அதே நடுங்குகிற உதடுதான். ஆனால் இப்போது அது கையும் களவுமாக மாட்டிக்கொண்டவனின் முகமாக இருந்தது.