ஷிராஸின் வக்கீல்

மேற்குத் துனீசியாவில் மலைமேல் இருந்த அந்தச் சிறு நகரத்தில், நூமான் ஆயாரி என்றால் நில வழக்கு வக்கீல். ஒலிவத் தோப்பு எல்லைத் தகராறு, பங்காளிச் சண்டை என்றே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். முறைத்துக்கொண்டு வருகிறவர்களை இறங்கி வரவைத்துச் சமரசம் செய்வதில் கெட்டிக்காரர். குழந்தைகளுக்கான நீதிமன்றத்தின் படியை அவர் மிதித்ததே இல்லை. ஆனாலும் இலவச வழக்குகளுக்கான பட்டியலில் அவர் முறை வந்தபோது, ஷிராஸின் கோப்பு அவரிடம்தான் வந்தது.

ஷிராஸுக்குப் பதினான்கு வயது. ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் தங்கி வேலை செய்தவள். அந்த வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்து, கடைக்காரரின் தாயார் இறந்துபோனார். எசமானியான கடைக்காரரின் மனைவி அடித்த ஆத்திரத்தில் தானே தீ வைத்ததாக ஷிராஸ் போலீஸில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

விசாரணைக்குப் பத்து நிமிஷம் முன்புதான் நூமான் அவளைப் பார்த்தார். கையெழுத்து விழுந்த காகிதத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்பது அவர் எண்ணம்.

"ஒத்துக்கோ மகளே. மன்னிப்புக் கேளு. நீதிபதியம்மா இரக்கப்படுவாங்க."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் அப்படியே ஒத்துக்கொண்டாள். மூன்று வருஷம் சீர்திருத்த இல்லம் என்று தீர்ப்பானது.

ஐந்து மாதம் கழித்து, தனிப் பயிற்சி பெற்றுத் தேறியவர்கள்தான் இனிக் குழந்தைகளுக்காக வாதாடலாம் என்று அங்கே புது விதி வந்தது. பட்டியலில் பெயர் நீடிக்கட்டுமே என்று நூமானும் வகுப்புக்குப் போனார். பாடம் நடத்திய பஸ்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பெற்றவர்களோ வக்கீலோ பக்கத்தில் இல்லாமல் ஒரு குழந்தை தந்த வாக்குமூலத்தை முதல் நாளே எதிர்க்க வேண்டும் என்றாள். நூமானின் பேனா நின்றுவிட்டது. இடைவேளையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. புது ஆதாரம் கிடைத்தால்தான் வழி என்றாள் பஸ்மா, வக்கீல்களை அங்கே மரியாதையாக அழைக்கும் 'உஸ்தாத்' என்ற சொல்லோடு. "முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க உஸ்தாத். நீங்க கேட்கவே இல்லையே."

இல்லத்தில் ஷிராஸின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இரண்டு முன்கைகளிலும் தீக்காயத் தழும்பு. விசாரணை நாளில் அவள் நீளக் கை வைத்த சட்டை போட்டிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. தீப்பிடித்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

"கேஸ் குழாய் ஒழுகுதுன்னு ரெண்டு நாளா எசமானியம்மாகிட்ட சொன்னேன். அடுப்பைப் பத்த வைன்னு சத்தம் போட்டாங்க. பத்த வச்சேன்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்ட?"

"போட்டா வீட்டுக்குப் போகலாம்னு போலீஸ்ல சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ஒத்துக்கச் சொன்னீங்க."

கேஸ் விற்கும் முன்ஜியைத் தேடிப் போனார் நூமான். குழாய் இற்றுப்போனதை எசமானியிடம் சொன்னவனே அவன்தான்; பெருநாள் கழியட்டும் என்று அவள் தள்ளிப்போட்டிருந்தாள். மருந்துக்கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள அஞ்சி மூன்று தடவை மறுத்தான். நாலாம் தடவை எழுதிக் கொடுத்தான். மறுவிசாரணை மனுவில் நூமான் தன் தவறையும் எழுதினார். சக வக்கீல்கள், உன் பிழைப்பில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

மனு நகர்ந்து தீர்ப்பு ரத்தாக இன்னும் பதினோரு மாதம் ஆனது. அதுவரை ஷிராஸ் உள்ளேதான் இருந்தாள்.

விடுதலையான அன்று இல்லத்து வாசலில் அவள் தாய் ஹூரியாவிடம் நூமான் எதையும் மறைக்காமல் சொன்னார். பயிற்சி இல்லாமல் வழக்கைத் தொட்டதையும், ஒத்துக்கொள்ளச் சொன்னது தான்தான் என்பதையும். ஹூரியா கடைசிவரை கேட்டுவிட்டுப் பேசினாள்.

"எம் பொண்ணு இங்க ராத்திரி விளக்க அணைச்சா கத்துறாளாம் உஸ்தாத். அதுக்கு எந்தக் கோர்ட்டுல மனுப் போடுவீங்க?"

ஷிராஸ் அவர் பக்கம் திரும்பாமலே போய், ஊருக்குப் போகும் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.