பழனி மொட்டை

பீளமேட்டு விமான நிலையத்துக்கு வெளியே மாருதி வேனை நிறுத்திவிட்டு, மனோஜ்குமார் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு அண்ணன் கிருபாசங்கர் வருகிறான். அப்பா காளிச்சாமி செத்துப்போனது அவனுக்குத் தெரியாது. வீடு போய்ச் சேர்வதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாழாய்ப்போன வேலை தம்பியிடம் வந்து சேர்ந்திருந்தது.

அண்ணன் டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டியவன். அப்பாதான் தடுத்தார். "மார்கழில வந்து என்ன பண்ணப்போற? பொண்ணு பாக்கக்கூடப் போக முடியாது. சினேகிதங்களோட நாலு ஊரு பாத்துப்போட்டு, தை பொறக்கற சமயத்துக்கு வந்து சேரு கண்ணு" என்று போனில் அவரே சொன்னார். மார்கழியில் நல்ல காரியம் செய்யக் கூடாது, சரி. கெட்டது என்ன பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது?

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அண்ணன் கிறிஸ்துமஸ் லீவுக்காக நண்பர்களோடு காரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். மெயின் ரோட்டு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து மனோஜ் கூப்பிட்டால், ஆளில்லாத அறையில் மெஷின்தான் எடுத்தது. யாரோ வெள்ளைக்காரன் குரல் இங்கிலீஷில் என்னமோ சொல்லி முடிக்க, பீப் என்றது. "ணா, அப்பாவுக்கு முடியலீங்ணா. ஒடனே கூப்புடுங்க" என்று அந்த மெஷினிடம் கெஞ்சினான். மறுநாளும் போய்க் கெஞ்சினான். மெஷினிடம் அழுது என்ன பிரயோஜனம்? அப்பா போன பிறகும் ஐஸ் கட்டி வைத்துக் காத்துப் பார்த்தார்கள். அப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். கடைசியில் மனோஜ்தான் வைத்தான்.

புது வருஷத்தன்று அண்ணனே ஏதோ பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டான். ரூமுக்குத் திரும்பாமல் அப்படியே பிளேன் ஏறிவிடுவதாகச் சொன்னான். அம்மா நஞ்சம்மாள் ரிசீவரைப் பிடுங்கி, "அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காரு கண்ணு. நீ பத்தரமா வா சாமி" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "எரிச்சாச்சு. இனி அவன் ஓடி வந்து எதப் பாக்கப்போறான்? பிளேன்ல தனியா உக்காந்து அழுதுட்டு வரோணுமா எம் பையன்?"

அண்ணன் வெளியே வந்தான். பிடரி மறைய முடி வளர்த்திருந்தான். தம்பியைக் கண்டதும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டான்.

"ஏண்டா, நான் வந்தப்பறம் ரெண்டு பேருமாப் பழனிக்குப் போயி மொட்டை போடறதாத்தான பேச்சு? அதுக்குள்ள நீ மட்டும் போட்டுட்டு வந்துட்டயா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்ணா" என்றது மனோஜின் வாய்.

"துரோகி" என்று மொட்டையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான் அண்ணன்.

கணபதியைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று பார்த்தான். அண்ணன் பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். சரவணம்பட்டி வந்தது. அண்ணன் பையிலிருந்து கனத்த ஜெர்கின் ஒன்றை எடுத்து மடியில் விரித்தான்.

"அப்பாவுக்கு. வெடியக்காலம் மோட்டார் போடப் போறப்ப மப்ளரச் சுத்திக்கிட்டு நடுங்குவாருல்ல? சைஸ் சரியா இருக்குமாடா?"

"இருக்குங்ணா."

சொல்லித் தொலையேன்டா பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அண்ணன் இன்னும் கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டு வரட்டுமே என்று கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியது. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் துடியலூர் போய்விட்டது, பெரியநாயக்கன்பாளையம் வந்துவிட்டது.

வீதி முனையில் அப்பாவின் தம்பி அப்புசாமிச் சித்தப்பா நின்றிருந்தார். கோயில் வாசலை மிதிக்காத மனுஷன். எவனாவது மொட்டையோடு வந்தால் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி கேலி பேசுவார். வேனைக் கண்டதும் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்தார். மழமழவென்று மொட்டை.

அண்ணன் சிரித்தான். "அட, சித்தப்பாவையுமா பழனிக்குக் கூட்டிட்டுப்..."

பாதியில் நின்றுவிட்டது. சித்தப்பாவைப் பார்த்தான். திரும்பி மனோஜின் தலையைப் பார்த்தான்.

"வண்டிய நிறுத்துடா."

நிறுத்தினான்.

"அப்பாவா?"

மனோஜ் தலையை ஆட்டினான்.

"கொள்ளி நீயா வெச்ச?"

"நீங்க வந்துருவீங்கன்னு பாத்தோமுங்ணா. அதுக்கு மேல வெச்சிருக்க முடியல."

வீட்டுப் பக்கமிருந்து பெண்களின் அழுகை கிளம்பிவிட்டது. சித்தப்பா வேன் கதவைத் திறந்து கை நீட்டினார். அண்ணன் இறங்கவில்லை. மடியிலிருந்த ஜெர்கினை மடித்தான். அதன் கை இரண்டும் உள்ளே அடங்காமல் தொங்கின. மறுபடி பிரித்து மடித்தான்.

"சித்தப்பா" என்றான் கடைசியில். "மொட்டை போடறவர வரச் சொல்லுங்க. இந்த முடியோட நான் அம்மா மொகத்துல முழிக்க மாட்டேன்."