அந்தப் பக்கத்துச் சுவர்

“தண்ணியில போயிட்டா” என்று மாமா வாசலில் ஐந்தாவது ஆளிடம் சொன்னபோது, அவள் இரண்டு மடக்கு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தாள்.

“அம்மா தண்ணியில போகலை மாமா. கரையேறி, உடுப்பு மாத்தற அறையில உட்கார்ந்திருந்தப்ப நெஞ்சு நின்னுபோச்சு. டாக்டர் எழுதியே கொடுத்திருக்காரு.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். அறுபத்திரண்டு வயசுல தண்ணிக்குள்ள இறங்காம இருந்தா நெஞ்சு ஏன் நிக்குது?”

வந்தவர் ‘அதானே’ என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவள் நாற்காலியைச் சத்தம் கேட்கும்படி விரித்துப் போட்டாள். மாமா, அம்மாவுடைய அண்ணன். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவர். அவர் ஒன்றைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அம்மா ஊர் நீச்சல்குளத்தில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கொடுத்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு மின்விசிறி. தண்ணீரில் ஒரு விரலை நனைத்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் அதே சன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று தனக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். “வேடிக்கை பார்த்தே காலம் போச்சு. இனிமே இறங்கிப் பாக்கறேன்” என்றாள்.

தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே மூன்று மாதம் பிடித்தது. சமையலறையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, முகத்தைக் கவிழ்த்து மூச்சு விட்டுப் பழகுவாள். “குழம்புல விழுந்துடாத” என்று அப்பா சிரிப்பார். மாமா சிரிக்கவில்லை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று வரும்போதெல்லாம் கேட்டார். அம்மா அவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு மறுபடி முகத்தைக் கவிழ்த்துக்கொள்வாள்.

இப்போது அம்மா கூடத்தின் நடுவில் படுத்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும்.

மாமா உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

“மாப்ளே, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. குளத்து நிர்வாகத்துக்கு. ஐம்பது வயசுக்கு மேல யாரையும் வகுப்புல சேர்க்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். நம்ம வீட்டுல நடந்தது இன்னொரு வீட்டுல நடக்க வேணாம். நீங்க போட்டாதான் மதிப்பு.”

அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். அவள் குனிந்து தாளைப் படித்தாள். வாத்தியார் கையெழுத்து, மணிமணியாக. ‘என் தங்கை நீரில் மூழ்கி இறந்ததை முன்னிட்டு’ என்று தொடங்கியது.

“அப்பா, மூழ்கின்னு போட்டிருக்காரு.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார் அப்பா, தாளைப் பார்க்காமல். “போயிட்டா. எப்படிப் போனா என்ன?”

“ஒண்ணு இல்லை!”

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

“நேத்துக் காலையில எனக்கு போன் பண்ணாங்கப்பா. மூச்சு வாங்குது, பேச்சே வரலை. ‘தொட்டுட்டேன்டி’ன்னாங்க. எதைம்மான்னு கேட்டேன். ‘அந்தப் பக்கத்துச் சுவரை’ன்னாங்க. மிதக்கற பலகை பிடிக்காம, நடுவுல நிக்காம, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். அப்பாகிட்ட நானே நேர்ல சொல்றேன், நீ வாயைத் திறக்காதன்னாங்க. அப்புறம் பத்து நிமிஷத்துல நீச்சல் டீச்சர் போன் பண்ணாங்க.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“முழுசாவா?”

“முழுசா.”

“நடுவுல கயித்தைப் பிடிக்கலை?”

“பிடிக்கலைப்பா.”

“சரிம்மா, அதெல்லாம் இருக்கட்டும்” என்று மாமா தாளை அப்பாவின் முழங்கால் மேல் நகர்த்தினார். “உணர்ச்சிவசப்படற நேரமில்லை இது. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல? நாற்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவன் நான். எதை எந்த வயசுல கத்துக்கணும்னு எனக்குத் தெரியாதா?”

“வளைஞ்சுது மாமா. அறுபத்திரண்டுல வளைஞ்சுது. அது உங்களுக்குப் பொறுக்கலை. அவங்க செத்ததைவிட அவங்க கத்துக்கிட்டதுதான் உங்களுக்குப் பெரிய குத்தமா இருக்கு.”

“பாத்தீங்களா மாப்ளே, உங்க பொண்ணு பேசறதை?”

அப்பா பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திருகித் திருகி மூடினார். பிறகு அதை மாமாவின் சட்டைப்பையில் அவரே செருகிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. நான்கு பெண்கள். எல்லோரும் அம்மா வயதை ஒட்டியவர்கள். ஒருத்திக்கு எழுபதுகூட இருக்கலாம். மாமா எழுந்துபோய் வாசற்படியில் நின்றார்.

“நீங்க?”

“காலை வகுப்பு” என்றாள் மூத்தவள். “வகுப்பு முடிஞ்சு நேரா வர்றோம்.”

“இன்னிக்குமா இறங்கினீங்க?”

“இன்னிக்கு இறங்கலைன்னா நாளைக்கு யாருக்கும் தைரியம் வராதுங்க.”

மாமா வழியை விடாமல் நின்றார். கூடத்திலிருந்து அவள் எழுந்துபோய் அவருக்குப் பின்னால் நின்றாள்.

“மாமா, கொஞ்சம் தள்ளுங்க.”

அவர் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்தார். அந்த இடைவெளியில் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்கள் குனிந்தபோது, அவசரமாக முடிந்திருந்த கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஓரமாக நின்ற ஒருவர் துணியைத் தேடிப் போனார். வேண்டாம் என்று அப்பா கையைக் காட்டினார்.