வேர் அழுகாத மண்

மடுல்சீமைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்யும் மரியகொரட்டி பூந்தொட்டியில் போடத் தேயிலைமலை மண்ணை அள்ளி வந்திருந்தாள். துரையின் மனைவி அதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"சீ, களிமண்ணு! அந்தூரியத்துக்கு ஈரம் இருக்கணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. வேர் அழுகிரும். தேங்காமட்டைத் துண்டு, கரி, மக்குன எலை எல்லாம் கலந்து போடு."

கொட்டும் மழையில் அலைந்து, எல்லாவற்றையும் பொறுக்கிவந்து கலந்தாள் கொரட்டி. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் நாறியது.

"நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவுல ரெண்டு வாரமா தண்ணி தேங்கி நிக்குதும்மா. தொரைகிட்டச் சொல்லுங்களேன்."

"உங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு கொரட்டி. இது பாவம், வெளிநாட்டுச் செடி."

அவள் உள்ளே போனதும் கொரட்டி தொட்டியை அருகில் இழுத்தாள். ஈரம்தானே வேண்டும்? தொட்டிக்குள் காறித் துப்பி, அதன்மேல் கலவையைப் போட்டு மூடினாள்.