வைரக்கண்ணு பெயரில் சாமிதுரை முகம்

மலர்க்கொடியை வேலையிலிருந்து நிறுத்திவைத்த செய்தி அவளுக்கு வருவதற்கு முன்பே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. பால் வாங்கப் போயிருந்த அவள் அக்கா மதிவதனி காதில் விழவேண்டும் என்றே, டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொன்னார்.

"நாத்து நட்ட வீட்டுப் பிள்ளைக்கு நாற்காலியக் குடுத்தா இப்படித்தான். வியாபாரிகிட்ட கை நீட்டியிருக்கு."

மதிவதனி பாலை வாங்கிக்கொண்டு நடந்தாள். வீடு வந்து சேரும் வரை முகம் எரிந்தது. நாற்று நட்டதை அவள் வீட்டில் யாரும் மறைத்ததில்லை. கைநீட்டியதாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரின் நெல் கொள்முதல் நிலையத்தில் மலர்க்கொடி பருவகாலப் பட்டியல் எழுத்தர். குறுவை அறுவடையானதும் விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து நிலையத்தின் களத்தில் குவித்துக் காத்திருப்பார்கள். ஈரப்பதம் பார்த்த பிறகு ஒவ்வொருவரின் கைரேகையையும் கைக்கருவியில் பதிந்து, நிலத்தின் சர்வே எண்ணைச் சேர்த்து, ஆளையும் குவியலையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும். வியாபாரி வெளியூர் நெல்லை விவசாயி பெயரில் தள்ளிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. வயல்நெட் என்ற சென்னை நிறுவனம் இந்தப் பருவத்தில் புதுக் கருவிகளைக் கொடுத்திருந்தது.

அந்தக் கருவியில்தான் வைரக்கண்ணு என்ற விவசாயியின் பெயருக்கு நேரே சாமிதுரையின் முகமும் சாமிதுரையின் குவியலும் வந்து நின்றன. சாமிதுரைக்குச் சொந்த நிலம் உண்டு, அன்று அந்த நெல்லைத்தான் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவர் நெல் வியாபாரியும் கூட. மேலிடத்தில் இருந்தவர்களுக்கு அது போதும். எழுத்தரும் வியாபாரியும் கூட்டு என்று முடிவாகிவிட்டது.

வைரக்கண்ணு நேராக வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார். "எம் பேர்ல அவன் மூஞ்சியா? ஒங்கப்பனும் நானும் ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சினவங்க. எனக்கே இத செய்யத் தோணுச்சா ஒனக்கு?"

மலர்க்கொடி உள்ளேயே இருந்தாள். அவர் போன பிறகு, "நான் செய்யலக்கா," என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும். நீ எப்படிப் பதியுவேன்னு ஒண்ணுவிடாம சொல்லு."

மதிவதனி பெங்களூரில் சிப் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னலில் நினைவகம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதுதான் அவளுடைய அன்றாடப் பாடு.

"ஒரு ஆளோட பதிவு நெட்ல மேல ஏறிக்கிட்டு இருக்கையிலயே அடுத்த ஆளப் படம் எடுத்துருவேன். சிக்னல் கெடைக்காது, அது பாட்டுக்கு ஏறும். அதுவரைக்கும் சும்மா நின்னா வரிசை நகராது. மழை வேற மிரட்டுது. தப்பாக்கா?"

"தப்பே இல்ல. ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்கத்தான் அந்த மிஷினே இருக்கு."

கருவியின் நினைவகம் எவ்வளவு என்று இணையத்தில் பார்த்ததுமே மதிவதனிக்குச் சந்தேகம் தட்டியது. காமிராவுக்கே போதாது. இடம் போதாதபோது கெர்னல், உடனே தேவைப்படாத தகவல் பக்கங்களைச் சுருக்கி ஓரமாக வைக்கும், கேட்கும்போது விரித்துத் தரும். இந்தக் கருவி நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்க வேண்டும்.

கெர்னல் மூலநிரலைக் கேட்டு அவள் வயல்நெட்டுக்கு எழுதினாள். ரகசியம், தர இயலாது என்று பதில் வந்தது. அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதிய லினக்ஸ் கெர்னலை இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அதில் செய்த மாற்றத்தை யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் உரிமத்திலேயே உள்ள நிபந்தனை. அந்த நிபந்தனையை அப்படியே எடுத்து ஒட்டி, நிலையத்தின் விவசாயிகள் சிலரிடம் கையெழுத்தும் வாங்கி மறுபடி அனுப்பினாள். வயல்நெட்டின் டெல்டா பகுதிக் களப்பொறியாளர் ரிஃப்கா கூத்தாநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, நிரலையும் உபரிக் கருவி ஒன்றையும் கொடுத்தாள்.

"எங்க லேப்ல எல்லாம் ஓட்டிப் பாத்துட்டாங்க மேடம். ஒரு தடவகூடத் தப்பு வரல. ஒங்க தங்கச்சிங்கறதால சொல்றேன், ரொம்ப எதிர்பாக்காதீங்க."

"லேப்ல ஏசி இருக்கா?"

"இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அது சும்மா கேட்ட கேள்விதான். விடை பிறகுதான் கிடைத்தது. பொதுவில் கிடைக்கும் கெர்னலையும் வயல்நெட் தந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, சுருக்கி விரிக்கும் பகுதியில் ஒரு பூட்டு காணாமல் போயிருந்தது. யாரோ வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். வேகத்துக்காக என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள்.

மலர்க்கொடிக்கு அதை விளக்குவது மதிவதனிக்குக் கஷ்டமாக இல்லை. நிலையத்தில் இரண்டு தராசு இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒருத்தர் நெல்லைத் தட்டில் கொட்டிவிட்டு எடை பார்க்குமுன் அவரை வேறு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பூட்டு இருந்தால் அவர் திரும்பிவந்து நெல்லை அள்ளும்வரை அந்தத் தட்டை யாரும் தொட முடியாது. பூட்டு இல்லையென்றால் அடுத்தவர் அதே தட்டில் தன் நெல்லைக் கொட்டிவிடுவார். முதல் ஆள் வந்து, இது யார் நெல் என்று தெரியாமலேயே தன் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விடுவார். கருவியில் தட்டு என்பது செயலியின் ஒவ்வொரு கருவுக்கும், அதாவது ஒவ்வொரு கோருக்கும், உரிய தற்காலிக இடம். நெல் என்பது எந்தப் படம் யாருக்கு என்று குறித்துவைத்த பக்கம்.

"அப்ப தெனமும்ல மாறணும்?" என்றாள் மலர்க்கொடி.

அங்கேதான் இடித்தது. மின்விசிறிக்குக் கீழே மேஜையில் வைத்து எத்தனை முறை ஓட்டினாலும் பதிவுகள் மாறவில்லை. பாதி வேலையில் ஓர் ஆளை ஒரு தராசிலிருந்து இன்னொன்றுக்குத் துரத்த ஏதாவது நடக்க வேண்டும். அது என்ன என்று தேடியபோது வயல்நெட் போட்டிருந்த இன்னொரு மாற்றம் கண்ணில் பட்டது. கருவி சூடானால் செயலியின் கருக்களில் சிலவற்றை அணைத்துவிடும், ஆறியதும் மறுபடி எழுப்பும். அணைக்கும்போது அங்கே நடந்துகொண்டிருந்த வேலை பாதியில் வேறு கருவுக்குப் போகும். எழுப்பும்போது பழைய தட்டு அடுத்தவருக்குக் கிடைக்கும்.

மதிவதனி கருவியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். புரட்டாசி வெயில் தரையில் கால் வைக்க விடவில்லை. தன்னையும் தங்கையையும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மலர்க்கொடி என்ற பெயருக்குக் கீழே மதிவதனி வியர்த்து வழிந்தபடி நின்றாள்.

"அக்கா," என்றாள் மலர்க்கொடி. "இதுக்காக்கா என்னய திருடின்னாங்க?"

விசாரணை நிலையத்திலேயே நடந்தது. அதிகாரி நெடுஞ்செழியன், பறிமுதல் செய்த கருவியை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பொறுமையான மனிதர், யாரையும் அதட்டவில்லை. அதுவே மதிவதனிக்கு எரிச்சலாக இருந்தது. முடிவை எழுதிவைத்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இவ்வளவு பொறுமை இருக்கும்.

ரிஃப்கா தன் நிறுவனத்தின் அறிக்கையை வாசித்தாள். கருவி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது, பழுது இல்லை, பதிவை மாற்றியது பயன்படுத்தியவராகவே இருக்க வேண்டும்.

"கருவிய ஆய்வுக்கூடத்துலயா சார் பயன்படுத்துறோம்? களத்துக்கு வாங்க," என்றாள் மதிவதனி.

களத்தில் வைரக்கண்ணு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தன் குவியலருகே நின்றார். மலர்க்கொடியைப் பார்க்காமலே சொன்னார். "நான் வந்தது ஒனக்காக இல்ல. எம் பேர்ல இன்னும் ஒரு மூட்டைகூட எடுக்கல, அதுக்காக."

"தெரியும், வந்தமட்டும் சந்தோசம்," என்றாள் அவள்.

பறிமுதல் செய்த கருவியை மதிவதனி வெயிலில் தார்ப்பாய் மேல் வைத்துக் காயவிட்டாள். பிறகு மலர்க்கொடி வழக்கம்போலப் பதிந்தாள். வைரக்கண்ணுவின் கைரேகை, படம். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆளாக நெடுஞ்செழியன். முதலில் சரியாக வந்தது. மறுபடியும் சரியாகவே வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுமைதூக்கும் ஆட்கள் மூட்டை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம்மா?"

"நாங்க நாள் பூரா நிக்கிறோம் சார்," என்றாள் மலர்க்கொடி. "இன்னொருக்கா நில்லுங்க."

அடுத்த பதிவை அவள் திறந்து நீட்டினாள். வைரக்கண்ணு என்ற பெயருக்கும் அவருடைய சர்வே எண்ணுக்கும் மேலே, கண்ணாடி மூக்கில் சரிய, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நெடுஞ்செழியன் இருந்தார்.

வைரக்கண்ணு எட்டிப் பார்த்தார். "சார், எம் வயல்ல ஒங்களுக்குப் பங்கு வந்துட்டு."

மூட்டை மேல் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். மலர்க்கொடி சிரிக்கவில்லை. "இதுக்கு ஒங்ககிட்ட நான் எவ்வளவு சார் வாங்கியிருப்பேன்?" என்று கேட்டாள்.

நெடுஞ்செழியன் நிழலுக்குப் போய் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். கருவியை முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டில் உள்ளது. எழுத்தர் அறிவுறுத்தலை மீறி வெயிலில் பயன்படுத்தியதால் குளறுபடி நேர்ந்தது. உள்நோக்கம் இல்லை. எச்சரித்து மீண்டும் பணியில் சேர்க்கலாம்.

"கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே வந்துரலாம்."

ஒரு கணம் மதிவதனிக்கே, போட்டுவிடட்டும் என்று தோன்றியது. வேலை திரும்பிவிடும். அடுத்த கணமே அப்படித் தோன்றியதற்காக அவளுக்கு ஆத்திரம் வந்தது. திருடி என்றவர்கள் இப்போது கவனக்குறைவானவள் என்கிறார்கள். பழியின் எடை குறைந்ததே தவிர அது ஏறியிருந்த தலை மாறவில்லை.

மலர்க்கொடி பேனாவைத் தொடவில்லை. "நெல்லு ஏசி ரூம்லயா சார் காயும்? குவியலோட சேத்து ஆளப் படம் எடுன்னு உத்தரவு போட்டது யாரு? குவியல் எங்க கெடக்கு? வெயில்ல கொண்டுபோகாதன்னா அப்பறம் எதுக்கு எங்ககிட்ட இந்தக் கருவி?"

"சூடுதானே காரணம்? உங்க அக்காவே அதத்தான காட்டினாங்க?"

"சூடு காரணம் இல்ல சார்," என்றாள் மதிவதனி. ரிஃப்கா தந்த உபரிக் கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். "இது அதே கருவி, அதே நிரல். எடுத்த பூட்ட மட்டும் திரும்பப் போட்டுருக்கேன். கரு அணையும்போது தட்டுல வேலை இருந்தா முடியிறவரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கேன். அவ்வளவுதான். இதையும் அங்கயே காயப்போடுங்க. எவ்வளவு நேரம் வேணுமோ நீங்களே பதியுங்க."

அவர் பதிந்தார். முதலில் அலட்சியமாக, பிறகு உண்மையாகவே தப்பு வருகிறதா என்று பார்க்கும் முனைப்போடு. சுமைதூக்குபவர்களை மாற்றி மாற்றி நிறுத்தினார். கருவி கையைச் சுட்டது, துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். வைரக்கண்ணு வைரக்கண்ணுவாகவே இருந்தார்.

"வெயிலு அப்படியேதான் சார் இருக்கு," என்றாள் மதிவதனி.

அவர் ரிஃப்காவைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

ரிஃப்காவின் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து மேலாளர். அவள் எடுத்துக் காதில் வைத்தாள், கேட்டாள், "சார், நான் களத்துல நிக்கிறேன். கண்ணால பாத்துட்டேன்," என்றாள். மறுமுனை ஏதோ உரக்கச் சொன்னது. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

"பூட்ட எடுத்தது எங்க ஆளுங்கதான் சார். டெண்டருக்குக் காட்டும்போது வேகமாத் தெரியணும்னு எடுத்தாங்க. திருத்தத்த வாங்கிட்டு வா, ஆனா காரணத்த எழுத விடாதன்னு சொல்றாங்க. எனக்கு அப்படிப் பேச வரல."

நெடுஞ்செழியன் பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினார். கருவியில் பிழை நேர்ந்தது, எழுத்தர் மீது குற்றமில்லை என்று வாசித்தார்.

"நேர்ந்ததுன்னா? தானா நேர்ந்துச்சா சார்?" என்றாள் மலர்க்கொடி. "யாரு எடுத்தாங்கன்னு இவங்க இப்பத்தான சொன்னாங்க. நான் தப்பு செஞ்சதா எழுதினப்ப எம் பேரையும் அப்பா பேரையும் ஊரையும் சேத்துல்ல எழுதினீங்க? அவங்க பேரையும் எழுதுங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு வயல்நெட் நிறுவனம் பாதுகாப்புப் பூட்டை நீக்கியதால் என்று சேர்த்தார். மலர்க்கொடி தன் கைப்பேசியை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தாள்.

"அது ஆபீஸ் காகிதம்மா."

"எம் பேரு இருக்குல்ல சார்."

பருவகால எழுத்தர்களின் வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் கைப்பேசி அடித்தது. கோட்டூர்ப் பக்கத்து நிலையம் ஒன்றின் எழுத்தர் மங்களாம்பிகை. அவளையும் போன வாரம் நிறுத்தியிருந்தார்கள்.

"எனக்கும் இதேதான் மலரு," என்று குரல் வெளியே கேட்டது. "எம் புருசன்கூட நம்பல. நான் என்ன செய்யறது?"

மலர்க்கொடி கைப்பேசியை அக்காவிடம் நீட்டினாள். நெடுஞ்செழியன் பையை மூடிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்.

"சார், உக்காருங்க," என்றாள் மதிவதனி. "இன்னும் முடியல."